கடற்செலவு: இன்பக் கப்பலேறுவார்க்குச் சில குறிப்புகள்

பொருள் தேடுதற்பொருட்டுக் கடல் கடந்தனர் நம் முன்னோர்; தேடிய பொருளைச் செலவிடுதற்பொருட்டுக் கடலேறுவார் இக்காலத்துத் தோன்றியுள்ளனர். ‘செலவு’ என்னுந் தமிழ்ச்சொல் பண்டை வழக்கிற் செல்லுதலையும், இக்கால வழக்கிற் பொருள் கழிதலையும் உணர்த்தும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்த அமைந்த பயணம் ஒன்று உண்டெனின், அது செய்தித்தாள்கள் ‘சொகுசுக் கப்பல்’ என வழங்கும் இன்பக் கப்பற் பயணமே எனலாம். அதனை மேற்கொள்ள விழைவார் முன்னரே அறிந்திருக்க வேண்டுவன சிலவற்றை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

“இஃது செல்வர்க்குரிய பொருளன்றோ? மாணவர்க்கும் சிற்றூரார்க்கும் இதனால் ஆவது யாது?” என அன்பர் சிலர் வினவுதல் கூடும். யாம் கடலூர் மாவட்டத்துக் காடாம்புலியூரைச் சேர்ந்தோம். பண்ணுருட்டியினின்று வடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், முந்திரித் தோப்புகளும் பலாமரங்களும் சூழ அமைந்தது எம்மூர். முந்திரிக்கொட்டையும் பலாப்பழமும் விலைபோய்க் காசு கைக்கு வருங்காலம் வேனில். சென்னைத் துறைமுகத்தினின்று இன்பக் கப்பல் முதன்முதற் புறப்பட்ட காலமும் அவ்வேனிலின் இறுதியே. திருமணத்திற்கும் வீட்டிற்கும் கடனுக்கும் ஒதுக்கியபின் எஞ்சியதைக் கொண்டு தாய் தந்தையரை ஒருமுறையேனும் கப்பலேற்றி மகிழ்விக்க விழையும் மக்கள் எம்மூர்ப் பக்கத்திலும் உளர். செல்வர் ஏமாறின் ஒரு பயணம் கெடும். சிறுகச் சேர்த்தார் ஏமாறின் ஓராண்டு உழைப்பே கெடும். ஆதலின் இக்குறிப்புகள் செல்வரினும் எளியார்க்கே பெரிதும் வேண்டப்படுவன என்பது எம் கருத்து.

முன்னாளும் இந்நாளும்

தமிழகத்தார்க்குக் கப்பற் பயணம் புதியதன்று. 1926ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் நீராவிக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அறையின்றி மேற்றளத்திற் பாய் விரித்துச் செல்லும் பயணிகள் பல்லாயிரவரை அது சுமந்தது. தோட்டத் தொழிலுக்கும் கடைக்கும் வட்டித் தொழிலுக்கும் மலாய் நாடு சென்றார் பலர்க்கு அக்கப்பலே வழி. பிரெஞ்சு நாட்டாரிடமிருந்து 1972இல் இந்தியக் கப்பற் கழகம் வாங்கி, நம் மாவட்டத்துத் தில்லையோடு ஒத்த பெயர் பூண்டு ‘சிதம்பரம்’ என ஓடிய கப்பல் அதன் பின் வந்தது. அதன் முடிவைப் பின்னர்க் கூறுவாம்.

அக்கப்பல்கள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு மக்களைக் கொண்டுசெல்வன. இன்பக் கப்பலோ அத்தன்மைத்தன்று. அதிற் செல்வார்க்குக் கப்பலே ஊர். கடந்து செல்லும் கடலே காட்சி. புறப்பட்ட துறைக்கே மீளுதல் பெரும்பான்மையான பயணங்களின் முடிவு. உண்டி, உறையுள், ஆடல், பாடல், நீச்சற்குளம் யாவும் உள்ளேயே அமைந்திருக்கும்.

2021ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மும்பையினின்று ‘கார்டீலியா’ நிறுவனத்தார் இத்தகைய பயணத்தைத் தொடங்கினர். அவர்தம் ‘எம்ப்ரஸ்’ என்னும் கப்பல் 1990இற் பிரெஞ்சு நாட்டிற் கட்டப்பெற்றது; ஏறக்குறைய 211 மீட்டர் நீளமும் 11 தளங்களும் உடையது. 2022ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்கள் அக்கப்பலின் பயணத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 5ஆம் நாள், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகட்குச் சென்னையினின்று பயணம் தொடங்கியது.

இதனினும் சிறியதொரு வழியும் உண்டு. நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டு, பருவமழை கருதிச் சில நாளில் நிறுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 16ஆம் நாள் ‘சிவகங்கை’ என்னும் கப்பலுடன் அது மீண்டும் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரத்திற் கடக்கும் வழி அது. இன்பக் கப்பலுக்குப் பெரும்பொருள் ஈடுவைக்குமுன், கடல் தமக்கு ஒத்துக்கொள்ளுமா என அறிய விழைவார்க்கு இத்தகைய சிறுபயணம் நல்லதொரு சோதனையாம்.

பருவம் அறிதல்

கப்பலேறுவார் முதற்கண் ஆராய வேண்டுவது கட்டணமன்று, பருவமே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். அக்காலத்து வங்கக்கடலின் நம் கரை ஓரளவு அமைதியாயிருக்கும். மும்பைக் கப்பல் ஜூன் திங்களிற் சென்னைக்கு வந்த காரணம் இதுவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலை தலைகீழாகும். வடகிழக்குப் பருவமழையும் புயலும் நம் கரையைத் தாக்கும். இதனை எம்மூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூர்க்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயல், தலைமுறையாய் நின்ற பலாவையும் முந்திரியையும் ஒரு காலைப்பொழுதில் வேரொடு சாய்த்ததை இன்றும் பேசுகின்றனர். நிலத்தில் ஊன்றிய மரத்திற்கே அந்நிலையெனின், நீரில் மிதக்கும் கலத்தின் நிலை யாதாகும்?

பருவங் கடந்தபின் மேற்செல்லலாகாது எனப் பவுலடிகள் எச்சரித்தபோது, நூற்றுவர் தலைவன் அதனைக் கேளாது மாலுமியின் சொல்லையே நம்பினான். கப்பல் மெலித்தாத் தீவருகே உடைந்தது. இக்காலத்து மாலுமிகளுக்கு வானிலைச் செய்தி நாழிகைதோறும் வருவதால் அத்தகைய இடர் பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும், புயல் கண்டவிடத்துக் கப்பல் வழிமாறும். ஒரு துறையை விட்டு மற்றொன்றிற்குச் செல்லும். அன்றேல் எத்துறையும் அணுகாது கடலிலேயே நிற்கும். அவ்வாறு மாற்றும் உரிமை நிறுவனத்திற்கு உண்டென்பது பயணச்சீட்டின் நிபந்தனைகளிலேயே எழுதப்பட்டிருக்கும்.

காற்றும் மழையுமேயன்றி அரசின் ஆணையும் வழியை மாற்றும். 2022 ஜூன் திங்களிற் சென்னையினின்று புறப்பட்ட கப்பல் விசாகப்பட்டினம் சென்று புதுச்சேரிக்கு வருவதாயிருந்தது. கப்பலிற் சூதாட்டக் கூடம் இருத்தல் குறித்து எதிர்ப்பெழ, புதுச்சேரி அரசு அப்போது இசைவளிக்கவில்லை. ஆதலின், ஒரு குறித்த ஊரைக் காணுதலே நோக்கமாயின் கப்பலை நம்புதல் தகாது. கப்பலிலிருத்தலே நோக்கமாயின், துறை மாறினும் மனம் மாறாது மகிழலாம்.

அறை தேர்தல்

கப்பலில் அறைகள் பொதுவாக நால்வகைப்படும். கப்பலின் நடுப்பகுதியிற் சாளரமின்றி அமைந்த உள்ளறை. கடலை நோக்கிய கண்ணாடிச் சாளரமுடைய புறவறை. வெளியே நாற்காலியிட்டு அமர்தற்கு முன்றிலுடைய மாடவறை. பல பிரிவுகளுடைய பேரறை என்பன அவை. கட்டணம் இம்முறையே ஏறிச்செல்லும். பகலெல்லாம் மேற்றளத்தில் உலவி, உறங்குதற்கு மட்டும் அறைபுகுவார்க்கு உள்ளறையே போதியது. ஆனால் முதியோர்க்கும் மூடிய இடத்தில் அச்சமுடையார்க்கும் உள்ளறை ஆகாது. விளக்கணைத்தால் அதிற் பகலும் இரவும் ஒன்றே.

அறையின் வகையினும் அஃது அமைந்த இடம் முதன்மையானது. சிறுவர் ஆடும் ஏற்றப் பலகையை நோக்குக. இரு முனைகளும் ஏறியிறங்க, நடுப்பகுதி அசையாது நிற்கின்றது. கப்பலும் அவ்வாறே, முன்னும் பின்னும் எழுந்து தாழும், நடு அமைதியாயிருக்கும். மேற்றளத்தினும் கீழ்த்தளத்திலே பக்கவாட்டு ஆட்டம் குறைவு. ஆதலின், தலைசுற்றலுக்கு அஞ்சுவார் கப்பலின் நடுவில், தாழ்ந்த தளத்தில் அறை கேட்டல் வேண்டும். அது பெரும்பாலும் விலை குறைந்ததாகவும் இருத்தல் நற்பேறே. முதியோரை அழைத்துச் செல்வார் மின்தூக்கிக்கு அண்மையில் அறை கேட்க. நடனக்கூடத்திற்கும் சமையற்கூடத்திற்கும் நேர்மேலோ நேர்கீழோ அமைந்த அறையில் நள்ளிரவு வரை ஓசை ஓயாது. தளப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தபின்னரே பணங்கட்டுதல் நன்று.

கட்டணக் கணக்கு

விளம்பரத்திற் பெரிய எழுத்தில் அச்சிட்ட தொகை பெரும்பாலும் ஒருவர்க்குரியது; அதுவும் ஓரறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு வகுத்தது. தனித்துச் செல்வார் அறையின் கட்டணம் முழுதையுமோ அதிற் பெரும்பகுதியையோ தாமே ஏற்க நேரும். அதே அறையில் மூன்றாமவராய்த் தங்குவார்க்குத் தொகை குறைவதும் உண்டு. ஆகவே, கணவனை இழந்த அத்தையையோ பாட்டியையோ உடனழைத்துச் செல்வார் அவர்க்குத் தனியறை எடுக்குமுன் மூவர் தங்கும் அறை உளதா எனக் கேட்டறிதல் வேண்டும்.

விளங்குதற்பொருட்டு யாமே அமைத்த எடுத்துக்காட்டொன்றைக் காண்போம். ஒருவர்க்கு 20,000 ரூபாய் என விளம்பரம் கூறுவதாகவும், தாயும் தந்தையும் செல்வதாகவும் கொள்வோம். இருவர்க்கும் 40,000 ரூபாய் போதுமென்று வீட்டார் எண்ணுவர். வரி, துறைமுகக் கட்டணம், பணியாளர்க்குரிய தொகை ஆகியன ஒருவர்க்கு 6,000 சேருமாயின், சீட்டிற்கே 52,000 ஆகும். சென்னை சென்று ஓரிரவு தங்கி மீளுதற்கு 5,000, கப்பலினுட் செலவு 8,000, கரையிறங்கி ஊர் காணுதற்கு 6,000, காப்பீட்டிற்கு 1,000. கூட்டின் 72,000 ரூபாய். எண்ணியதற்கும் ஆவதற்கும் இடையே 32,000 ரூபாய் நிற்கின்றது. அத்தொகையே வட்டிக்கு வாங்கப்படுவது. வாங்கிய வட்டி, கப்பல் கரைசேர்ந்த பின்னும் கரைசேராது.

ஆகவே, “எல்லாம் உட்பட எவ்வளவு?” என்னும் ஒரு வினாவை எழுத்தில் வினவி, எழுத்தில் விடை பெறுக. உணவிற் சேர்ந்தவை யாவை, சேராதவை யாவை எனவும் தெளிக. பொதுவுண்டிச்சாலையில் உண்பது பெரும்பாலும் கட்டணத்தில் அடங்கும். தனிச்சிறப்புடைய உண்டிச்சாலை, மது, குளிர்பானம், படம் பிடித்தல், உடம்பு பிடித்தல், இணையத் தொடர்பு முதலியன தனியே கணக்கிடப்படும். கப்பலிற் காசு கைமாறுவதில்லை. அறைத் திறவாகிய அட்டையைக் காட்டினாற் கணக்கு ஏறும். கையினின்று காசு போவதைக் காணாதார்க்குச் செலவும் தோன்றாது. நாடோறும் மாலையில் அக்கணக்கைக் கேட்டுப் பார்க்கும் வழக்கம், இறுதிநாள் வருத்தத்தைத் தவிர்க்கும். சிறுவர் கையில் அட்டை தருவார் அதற்கொரு வரம்பு கட்டச் சொல்லுக.

முன்பதிவும் முகவரும்

முன்பதிவு செய்தற்கு நிறுவனத்தின் நேர்வழியும் முகவர் வழியும் உள. நல்ல முகவர் அறை தேர்தலில் உதவுவார். அவரிடம் ஐயம் கேட்டல் எளிது. ஆனால் முகவரென வருவார் எல்லாரும் முகவராகார். “குலுக்கலில் உமக்குப் பரிசு விழுந்தது, கப்பற் பயணம் இலவசம், பதிவுத் தொகை மட்டும் அனுப்புக” எனத் தொலைபேசியில் அழைப்பார் வலைவிரிப்போரே. நாம் சேராத குலுக்கலில் நமக்குப் பரிசு விழுவது எங்ஙனம்? தனியொருவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற் பணஞ்செலுத்தச் சொன்னாலும், இன்று மாலைக்குள் செலுத்தாவிடின் வாய்ப்புப் போம் என விரைவுபடுத்தினாலும், அங்கேயே நின்றுவிடுக. பணங்கட்டிய அன்றே பதிவெண்ணைப் பெற்று, அவ்வெண் மெய்யா என நிறுவனத்தாரிடமே நேரிற் கேட்டறிக. ஆதார் முதலிய அடையாளச் சீட்டின் படியைப் பதிவு உறுதியாகுமுன் எவர்க்கும் அனுப்பற்க.

நீக்கல் விதியைப் படியாது பணங்கட்டுவது, பத்திரம் படியாது நிலம் வாங்குவதை ஒக்கும். புறப்படும் நாள் நெருங்க நெருங்க, நீக்கினால் திரும்பக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே வரும்; இறுதி நாள்களில் ஒன்றுமே கிடையாது. சிற்றூர்க் குடும்பத்தில் இறப்பும் நோயும் அறுவடையும் சொல்லி வருவனவல்ல. ஆதலின், எந்நாள் வரை நீக்கினால் எத்துணை மீளும் என்பதை ஒரு தாளிற் குறித்து நாட்காட்டியருகே ஒட்டிவைக்க. சீட்டைப் பிறர் பெயர்க்கு மாற்றல் இயலுமா எனவும் முன்னரே கேட்டறிக.

ஆவணங்கள்

உள்நாட்டுத் துறைகட்கு மட்டும் செல்லும் பயணத்திற்கு அரசு வழங்கிய அடையாளச் சீட்டுப் போதும். இலங்கை முதலிய அயல்நாட்டிற்குச் செல்வதாயின் கடவுச்சீட்டு இன்றியமையாதது. அது பயணம் முடிந்தபின்னும் ஆறு திங்கள் செல்லுபடியாகத் தக்கதாய் இருத்தல் வேண்டும். அயல்நாட்டு நுழைவிசைவு வேண்டுமா என்பதையும் உரிய அரசின் இணையப் பக்கத்திற் பார்த்தறிக.

எம்மூர்ப் பக்கத்து முதியோர்க்கு இடர் விளைப்பது கடலன்று, பெயரே. ஒரு சீட்டில் ஊர்ப்பெயரோடும், ஒன்றில் தந்தை பெயரின் தலையெழுத்தோடும், மற்றொன்றிற் பிழைபட்ட எழுத்தோடும் பெயர் அமைந்திருக்கும். பிறந்த நாளும் ஒன்றற்கொன்று மாறுபடும். கடவுச்சீட்டு விண்ணப்பமும் காவல்துறை விசாரணையும் இம்மாறுபாட்டால் திங்கட்கணக்கில் நீளக்கூடும். கப்பலுக்குப் பணங்கட்டிய பின் கடவுச்சீட்டிற்கு விண்ணப்பிப்பார் உளர். ஏர் முன்னும் எருது பின்னுமாகப் பூட்டுவார் அவரே. கடவுச்சீட்டுக் கைக்கு வந்தபின்னரே பதிவு செய்க. பயணச்சீட்டிற் பெயரை எழுத்துக்கு எழுத்துக் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுதுவிக்க.

உடல்நலம்

கப்பலில் மருத்துவர் உண்டு. ஆயின் மருத்துவமனை இல்லை. சிறு நோய்க்கு மருந்தும் முதலுதவியும் கிடைக்கும். அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. பெருநோய் தாக்கின் கரைக்குக் கொண்டுசெல்வதே வழி. நடுக்கடலினின்று ஒருவரைக் கரைசேர்த்தற்கு ஆகும் செலவு பயணச் செலவினும் பன்மடங்கு. ஆகவே, மருத்துவச் செலவும் கரைசேர்க்குஞ் செலவும் அடங்கிய காப்பீடு எடுத்தல் முறை. முன்னரே உள்ள நோயை மறைத்து எடுத்த காப்பீடு வேண்டும் பொழுது கைகொடாது. கருவுற்ற மகளிரை 24 வாரத்திற்குப் பின் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கைக்குழந்தைகட்கும் வயது வரம்பு உண்டு.

கடற்குமட்டல் நோயன்று, உறுப்புகளின் முரண்பாடு. அறையினுள் அமர்ந்தார்க்குக் கண் “அசைவில்லை” என்று கூறும். காதின் உட்புறத்துள்ள சமநிலைக் கருவி “அசைகின்றோம்” என்று கூறும். இவ்விரண்டு செய்தியும் மாறுபடுவதால் மூளை மயங்க, வயிறு குமட்டும். மேற்றளஞ் சென்று தொடுவானத்தை நோக்கி நின்றாற் கண்ணும் காதும் ஒருமொழி பேசும், குமட்டல் தணியும். இஞ்சி உதவும். வெறுவயிறும் ஆகாது, நிரம்பிய வயிறும் ஆகாது. மாத்திரை வேண்டுவார் மருத்துவரைக் கேட்டு, கப்பல் அசையத் தொடங்குமுன்னரே உட்கொள்க. குமட்டல் வந்தபின் உண்டதனாற் பயன் சிறிதே.

பலர் நெருங்கி வாழும் இடத்தில் தொற்று விரைந்து பரவும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் யப்பான் நாட்டு யோக்கோகாமாவில் நிறுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் இருந்த 3,711 பேரில் எழுநூற்றுவர்க்கு மேல் கொரோனாத் தொற்றுக்கு ஆளாயினர். வயிற்றுப்போக்கை விளைக்கும் நோரோ என்னும் நுண்கிருமியும் கப்பல்களிற் பரவுவதுண்டு. கையிற் பூசும் சாராயக் குழம்பு அக்கிருமியை நன்கு ஒழிப்பதில்லை. சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவுதலே தக்கது.

மூட்டை கட்டல்

துறைமுகத்திற் பெரும்பெட்டியை ஒப்படைத்தால் அது அறை வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். ஆதலின் கடவுச்சீட்டு, மருந்து, மூக்குக்கண்ணாடி, மாற்றுடை ஒன்று ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைக்க. மருந்தை அதன் உறையோடும் மருத்துவர் எழுதிய சீட்டோடும் கொண்டுசெல்க. ஈரமான தளத்தில் வழுக்காத செருப்பும், மாலைக் காற்றுக்கு ஒரு போர்வையும் வேண்டும். உண்டிச்சாலையில் உடை விதி இருப்பின், நன்கு துவைத்து மடித்த ஆடை பெரும்பாலும் போதியது.

விலக்கப்பட்டவை பல. துணித்தேய்ப்புப் பெட்டி, நீர் கொதிக்கவைக்கும் மின்கலம் முதலியன தீக்கு ஏதுவாதலின் ஏற்கப்படா. பெரும்பாலான கப்பல்கள் வெளியிற் சமைத்த உணவையும் மதுவையும் ஏற்பதில்லை. ஆகவே, கட்டுச்சோற்று மூட்டை துறைமுக வாயிலிலேயே தங்கிவிடும். யாழ்ப்பாணத்து நண்பர்க்குப் பண்ணுருட்டிப் பலா கொண்டுசெல்ல விழைவார்க்கு ஒரு சொல்: பழமும் செடியும் விதையும் ஒரு நாட்டின் பூச்சியை மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்லும் என்பதால் இசைவின்றி அவற்றைக் கரையிறக்கல் சட்ட விரோதம்.

எம்மூரினின்று புறப்படுவார் கப்பல் புறப்படும் நாளன்றே சென்னைக்குப் பேருந்தேறுதல் தகாது. நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நேர்ந்து வழி அடைபட்டாற் போதும். பயணமும் பணமும் ஒருங்கே போம். குறித்த நேரத்திற்குமுன் நுழைவாயில் மூடப்படும். மூடியபின் எக்காரணமும் செல்லாது. முதல்நாளே சென்னை சேர்ந்து தங்குதல் செலவன்று, காப்பு.

உயிர்காப்புப் பயிற்சி

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுதல் கூடுமெனின், இப்பகுதியையே கொள்க என வேண்டுகின்றோம். மேலே கூறிய ‘சிதம்பரம்’ கப்பலில், சிங்கப்பூரினின்று சென்னைக்கு வரும் வழியில், 1985ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் தீப்பற்றியது. முப்பதின்மர்க்கு மேல் உயிரிழந்தனர். அத்துடன் அக்கப்பலின் ஓட்டம் முடிவுற்றது. நடுக்கடலில் ஓடிச்சென்று ஒதுங்குதற்கு வீதி இல்லை. அழைத்தால் வருதற்கு அண்டைவீட்டார் இல்லை. கப்பலிலுள்ளார் தம்மைத் தாமே காத்தல் வேண்டும்.

1912இல் ‘டைட்டானிக்’ மூழ்கியதன் விளைவாகவே, கடலில் உயிர்காத்தல் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை 1914இல் உருவாயிற்று. நூறாண்டு கழிந்தும் பாடம் முற்றுப்பெறவில்லை. 2012ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் இத்தாலி நாட்டுக் கரையருகே ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தனர். அன்று அக்கப்பலேறிய பயணிகள் பலர்க்கு உயிர்காப்புப் பயிற்சி அதுவரை அளிக்கப்படவில்லை; மறுநாள் அளிப்பதாய் இருந்தது. அதன் பின்னர், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனோ பயிற்சி நடைபெறல் வேண்டும் என்னும் விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது.

பலர் அப்பயிற்சியை விளையாட்டாகக் கருதி, படம் எடுத்துக்கொண்டோ உண்டிச்சாலையில் ஒளிந்தோ காலங்கழிப்பர். அங்ஙனம் செய்யற்க. அறைபுகுந்தவுடன் கதவின் பின்புறத்து வரைபடத்தைப் பார்த்து, கூடும் இடம் யாது என அறிக. உயிர்காப்புச் சட்டை எங்குளது எனக் கண்டு ஒருமுறை அணிந்து பார்க்க. ஏழு குறுவொலியும் அதன்பின் ஒரு நெட்டொலியும் கேட்பின் அதுவே அபாய அறிவிப்பு. அதனைக் கேட்டால் மின்தூக்கியில் ஏறாது, படிவழியே கூடும் இடம் செல்க. அறையினின்று அவ்விடம் வரை எத்தனை படி, எப்பக்கம் திரும்புதல் என்பதை முதியோரின் கைபிடித்து ஒருமுறை நடத்திக் காட்டுக. தமிழன்றிப் பிறமொழி அறியாத தாய்க்குக் கப்பலின் ஒலிபெருக்கி சொல்வது விளங்காது. மகன் சொன்னது மட்டுமே அவர்க்கு நினைவிருக்கும்.

கரையிறங்கலும் மீளலும்

துறையில் இறங்குவார் மீண்டும் ஏறவேண்டிய நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்க. கப்பலின் நேரமும் கரையின் நேரமும் சில நாடுகளில் வேறுபடும். இந்தியாவிற்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்றே. தனியே ஊர் காணச் சென்றார் காலந்தாழ்ப்பின் கப்பல் காத்திராது. அடுத்த துறைக்குத் தம் செலவிற் செல்ல நேரும். நிறுவனம் அமைத்த சுற்றுலா விலை மிகுந்ததாயினும், அதிற் சென்றவர்க்காகக் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். நடுக்கடலிற் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானே பற்றிக்கொண்டு பெருந்தொகையை விழுங்கும். புறப்படுமுன் வானூர்தி நிலைக்கு மாற்றிவைக்க. செல்லும் துறைகளின் பட்டியலையும் கப்பலின் பெயரையும் வீட்டிலுள்ளாரிடம் எழுதிக் கொடுத்துச் செல்க.

அன்பர்களே, எம்மூரினின்று கடலூர்க் கரை நெடுந்தொலைவன்று. எனினும் வாழ்நாளெல்லாம் முந்திரித் தோப்பிற் குனிந்து கொட்டை பொறுக்கிய முதியோருட் கரையினின்று கடலை நோக்கியவர் பலராயினும், கடலினின்று கரையை நோக்கியவர் மிகச் சிலரே. அவர்க்கு அக்காட்சியைக் காட்டுதல் மக்களின் நன்றிக்கடன் எனக் கருதுவார் கருதுக. அங்ஙனங் கருதுவார் பருவம் பார்த்து, நிபந்தனை படித்து, கடன் வாங்காது, கடவுச்சீட்டுக் கைக்கொண்டு, உயிர்காப்புப் பயிற்சியில் முதல் ஆளாய் நின்று அழைத்துச் செல்வாராக. மீண்டபின் அப்பெரியோர் திண்ணையில் அமர்ந்து அண்டைவீட்டார்க்குக் கடலின் நிறத்தையும் கப்பலின் விளக்குகளையும் சொல்லி மகிழட்டும்.